பீரோவை எங்கே வைப்பது? ஸ்வீட் ஹோம் 3டி பற்றிக் கொஞ்சம்

புது வீட்டுக்குப் பிளான் போடுகிற யாரைப் பார்த்தாலும் நான் இப்போது சொல்வது ஒன்றுதான்: எஞ்சினியரிடம் உட்காருவதற்கு முன்னால் ஸ்வீட் ஹோம் 3டி என்ற வீட்டுப் பிளான் வரைகிற மென்பொருளைக் கணினியில் இறக்கி, உங்கள் மனையை நீங்களே ஒரு தடவை வரைந்து பாருங்கள். உடனே எதிர்க்கேள்வி வரும், "எலிவேஷன் சூப்பரா காட்டுமா?" வீட்டின் முகப்புத் தோற்றத்தைத்தான் கேட்கிறார்கள். காட்டாது. எலிவேஷன் படத்துக்காகத் திறக்கிறவர்கள் பத்து நிமிடத்தில் மூடிவிடுவார்கள். ஆனால் கட்டில், பீரோ, கிரைண்டர், கார், அப்பாவின் மூட்டுவலி என்று வீட்டில் ஏற்கெனவே இருக்கிற எல்லாவற்றையும் அளவோடு உள்ளே வைத்துப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. வைக்க இடம் இல்லையென்றால் செங்கல் லோடு இறங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

முதலில் அடிப்படை விஷயம். இது இலவசம், கட்டற்ற மென்பொருள். எம்மானுவேல் புய்பாரே என்ற பிரெஞ்சுக்காரர் கிட்டத்தட்ட இருபது வருடமாக இதை வளர்த்துவருகிறார். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும், ஒருமுறை நிறுவிவிட்டால் இன்டர்நெட் தேவையில்லை. ஆப் ஸ்டோர்களில் காசுக்கு ஒரு பதிப்பு விற்கிறார்கள், அதில் நாற்காலி மேசைப் படங்கள் கூடுதலாக இருக்கும். நமக்கு அது அவசியமில்லை, அவர்களுடைய தளத்திலிருந்து எடுப்பதே போதும். திறந்தால் திரை நான்கு துண்டாக இருக்கும்: இடப்பக்கம் மேலே சாமான்களின் பட்டியல், அதற்குக் கீழே நீங்கள் வீட்டில் வைத்தவை, வலப்பக்கம் மேலே தரைப்படம், கீழே அதன் 3டி தோற்றம். மேலே ஒரு சுவர் இழுத்தால் கீழே அப்போதே எழும்பும். என் மகன் பார்த்துக்கொண்டிருந்தே கற்றுக்கொண்டுவிட்டான், அதனால் கஷ்டம் என்று சொல்ல முடியாது.

எங்கள் மனை திருச்சிப் பக்கம், 30க்கு 40, வடக்கு பார்த்தது. சென்ட் கணக்கில் இரண்டே முக்கால். அம்மா, அப்பா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். 1200 சதுர அடி என்று சொல்லும்போது பெரிதாகத்தான் இருக்கிறது. பக்கத்துக்கு மூணேகால் அடி செட்பேக் (விதிப்படி எல்லையிலிருந்து காலியாக விட வேண்டிய இடம்) விட்டால் 30 அடி அகலம் 23 அடி 6 இன்ச் ஆகிறது. இரண்டு பக்கமும் ஒன்பது இன்ச் வெளிச்சுவர், அதில் ஒன்றரை அடி போனால் மிச்சம் 22. நடுவில் ஒரு நாலரை இன்ச் சுவர் எழுப்பி இரண்டு அறையாகப் பிரித்தால் ஆளுக்கு 10 அடி 9¾ இன்ச். பூச்சு வேறு இரண்டு பக்கமும் கொஞ்சம் தின்னும். "ரெண்டும் பதினொண்ணு, பதினொண்ணு ரூம்" என்று வாய்க்கணக்கில் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு இந்தக் கால் அடி ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை, பீரோவை வைத்துப் பார்க்கும் வரை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த மென்பொருள் ஐரோப்பிய வீட்டை மனதில் வைத்துச் செய்தது. தானாக எடுத்துக்கொள்ளும் சுவர்க் கனம் 7.5 சென்டிமீட்டர், உயரம் 250 சென்டிமீட்டர். நம் ஊரில் அந்தக் கனத்துக்குச் சுவரே கிடையாது. முதல் வேலையாக விருப்பத்தேர்வுகளுக்குள் போய் அளவை அடி, இன்ச்சுக்கு மாற்றி, சுவர்க் கனத்தை 9 இன்ச் ஆக்கி (உள்சுவரை வரையும்போது நாலரை), உயரத்தை 10 அடி வைத்துவிடுங்கள். இன்னொன்று, இது சுவரை அதன் நடுக்கோட்டில் அளக்கிறது. வெளியிலிருந்து வெளி 23 அடி 6 இன்ச் வேண்டுமானால் நீங்கள் கொடுக்க வேண்டிய நீளம் 22 அடி 9 இன்ச். இதைக் கவனிக்காமல் வரைந்தால் வீடு முக்கால் அடி கொழுத்துவிடும், செட்பேக்கில் இடிக்கும். சுவர் இழுக்கும்போது சுட்டியை ஆட்டிக்கொண்டு சரியான அளவுக்காகப் போராட வேண்டாம், என்டர் தட்டினால் நீளத்தையும் கோணத்தையும் எண்ணாகவே கொடுக்கலாம். சுவர் மூடியதும் அறை வரைகிற கருவியை எடுத்து உள்ளே இரண்டு முறை சொடுக்கினால் அறை உருவாகி அதன் பரப்பு சதுர அடியில் வந்துவிடும். அது சுவர் போக உள்ள நிஜமான பரப்பு, விளம்பரப் பரப்பு கிடையாது.

வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் "30x40 வடக்கு பார்த்த வாஸ்து வீடு" என்று சுற்றுகிற படங்களை இதில் சோதிக்கிற வசதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. படத்தைப் பின்னணியாக உள்ளே இழுத்து, அதில் அளவு தெரிந்த ஒரு சுவரின் மேல் கோடு போட்டு "இது இத்தனை அடி" என்று சொன்னால் முழுப் படமும் அந்த அளவுக்கு விரிந்துகொள்ளும். அதன் மேலேயே சுவர் வரையலாம். அப்படி வரைந்தால் பாதிப் படங்கள் பல்லிளிக்கும். ஒன்றில் ஹால் 12 அடி, பெட்ரூம் 11 அடி, பக்கச் சந்து 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி, கூட்டினால் சரியாக 30 வருகிறது. சுவரை எங்கே வைப்பது என்று வரைந்தவர் யோசிக்கவே இல்லை. இந்தப் படத்தைக் காட்டி "இதே மாதிரி கட்டிக் கொடுங்க" என்று மேஸ்திரியிடம் போய் நிற்கிற குடும்பங்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அப்புறம் ஹால். நம் ஊர் வீடுகளில் ஹால் என்பது பெரும்பாலும் எல்லா அறைக்கும் போகிற பாதைதான். முன்வாசல், இரண்டு பெட்ரூம் கதவு, சமையலறை வழி, படிக்குப் போகிற வழி எல்லாம் அதிலேயே திறக்கும். காகிதத்தில் 11க்கு 15 என்று பார்த்தால் தாராளம். இதில் கதவுகளை வைத்ததும் ஒவ்வொன்றும் திறக்கிற வளைவோடு தரைப்படத்தில் விழுகிறது, அப்போது பார்த்தால் ஹாலில் ஏழு அடிக்கு முழுசாக ஒரு சுவர் இல்லை. மூன்று பேர் உட்காருகிற சோபா ஏழு அடி. அதற்கு எதிரில் டிவிக்கு ஒரு சுவர் வேண்டும், இரண்டுக்கும் நடுவே யாரும் குறுக்கே நடக்காமலும் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய ஹால் தேவைப்படவில்லை, கதவுகளை ஒரு மூலைக்குத் தள்ளினாலே போதுமாக இருந்தது. பெற்றோர் அறைக் கதவையும் படிக்குப் போகிற வழியையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து நடைபாதையை ஹாலின் ஒரு ஓரத்தோடு முடித்தோம். பரப்பு ஒரு சதுர அடிகூடக் கூடவில்லை, ஆனால் உட்கார இடம் வந்தது. இப்படி ஒரு மாற்றத்தை எஞ்சினியரிடம் சொல்லி அவர் திருத்தி அனுப்பிப் பார்ப்பதற்குள் நமக்கே கேட்கக் கூச்சமாகிவிடும். இதில் கதவைப் பிடித்து நகர்த்தினால் முடிந்தது, பிடிக்கவில்லையா, பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

பெட்ரூமுக்கு வருவோம். பெரிய கட்டில் 6க்கு ஆறரை. மர பீரோ இரண்டு அடி ஆழம், கதவைத் திறக்க இன்னும் ஒன்றரை அடி, ஆள் நிற்க அதற்குப் பின்னால் இடம். 10 அடி 9¾ இன்ச் அறையில் கட்டிலின் ஆறரை அடியும் பீரோவின் இரண்டு அடியும் ஒரே திசையில் போனால் மிச்சம் இரண்டேகால் அடி, நடக்கலாம், பீரோவைத் திறந்து புடவை மடித்து வைக்க முடியாது. சொன்னது என் மனைவி, திரையைப் பார்த்த நிமிடமே: "என்னங்க, நான் கட்டில் மேல ஏறி நின்னுதான் பீரோவைத் திறக்கணும் போல." கட்டிலைத் திருப்பிப் போட்டு பீரோவைக் கதவுக்குப் பின்பக்கச் சுவருக்கு மாற்றியதும் சரியானது. ஆனால் அந்த மூலையில் பில்லர் வரும். நாலரை இன்ச் உள்சுவரில் 9க்கு 12 பில்லர் நின்றால் அது அறைக்குள் துருத்திக்கொண்டுதான் இருக்கும், அது ஸ்வீட் ஹோமுக்குத் தெரியாது. எஞ்சினியரிடம் பில்லர் வருகிற இடங்களை உத்தேசமாகக் கேட்டுவந்து, பட்டியலில் உள்ள வெறும் பெட்டி உருவத்தை அந்த அளவுக்கு மாற்றி ஒவ்வொரு மூலையிலும் நாமே நிறுத்த வேண்டும். செய்யுங்கள், சோம்பல்படாதீர்கள். எட்டு அடி அலமாரிக்கு என்று விட்ட சுவர் ஏழேமுக்கால் ஆவது இப்படித்தான்.

பட்டியலைப் பற்றிச் சொல்லும்போதே சொல்லிவிடுகிறேன், அதில் நம் சாமான் எதுவும் இருக்காது. கிரைண்டர், துவைக்கிற கல், பூஜை அலமாரி, ஊஞ்சல், இன்வெர்ட்டர், எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்டிதான். பெயரை மாற்றி அளவைக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் கணக்கு சரியாக வரும், நமக்கு வேண்டியது அதுதானே.

படிக்கட்டு தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். தரையிலிருந்து கூரை 10 அடி, ஸ்லாப் 5 இன்ச், ஆக ஏற வேண்டிய உயரம் 125 இன்ச். ஒரு படி ஏழு இன்ச்சுக்குள் இருக்க வேண்டுமென்றால் 18 ஏற்றம் வரும். ஒரே நேராகப் போட்டால் 10 இன்ச் மிதியோடு (கால் வைக்கிற அகலம்) 14 அடிக்கு மேல் ஓடும், அதற்கு எங்கள் வீட்டில் இடமில்லை. நடுவில் திரும்புகிற படியாக மடித்தால் நீளம் மிதிகளுக்கு 6 அடி 8 இன்ச், திரும்புகிற மேடைக்கு 3 அடி, அகலம் ஆறரை. சரி, இதுவரை எல்லாரும் போடுகிற கணக்குதான். மேடைக்கு அடியில் ஒரு டாய்லெட் வைத்துவிடலாம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆசை, அக்கம்பக்கத்திலும் அப்படித்தான் யோசனை சொன்னார்கள். இதில் படியை அளவு மாற்றி வைத்து (மேல்மாடித் தரையில் அதற்கான திறப்பைத் தானே வெட்டிக்கொள்ளும்), 3டியில் மேடைக்கு அடியில் போய் நின்றால் தலை இடிக்கிறது. கணக்குப் பார்த்தாலும் அதே: ஒன்பது ஏற்றத்தில் மேடை ஐந்தேகால் அடியில் வரும், அதன் கனம் போக நாலேமுக்கால் அடிதான் மிச்சம். குனிந்தே உள்ளே போய்க் குனிந்தே வெளியே வரலாம். அந்த இடம் இப்போது இன்வெர்ட்டருக்கும் செருப்புக்கும்.

3டியில் "உள்ளே நடந்து பார்க்கிற" முறை ஒன்று இருக்கிறது, அதில் பார்க்கிறவரின் கண் உயரத்தை மாற்றலாம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. எனக்கு ஒரு உயரம், அம்மாவுக்கு நாலே முக்கால் சொச்சம். அம்மாவின் கண் உயரத்தை வைத்துச் சமையலறைக்குள் நின்று பார்த்தால் மேல் அலமாரியின் இரண்டாம் தட்டு யாருக்காக என்று புரியவில்லை. சமையல் மேடையின் உயரத்தையும் அம்மாவுக்கா, மனைவிக்கா என்று பேசி, வழக்கமான 33, 34 இன்ச்சை 32க்கு இறக்கினோம். கிரைண்டரை மேடைக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்ற பஞ்சாயத்தும் அப்போதே நடந்தது. "டேய், தினம் குனிஞ்சு மாவு வழிக்கிறது நான்தான், கீழ வேண்டாம்" என்று அம்மா முடித்துவிட்டார். ஃபிரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கும், திறந்தால் சமையலறைக்குள் வருகிறவரை அடிக்குமா என்பதும் இதே கட்டத்தில் பார்க்க வேண்டியது.

அப்பாவின் பாத்ரூம் கதவு இன்னொரு உதாரணம். பாத்ரூமுக்கு வழக்கமாகப் போடுவது இரண்டரை அடிக் கதவு. அது நிலையோடு சேர்த்த அளவு என்றால் நடுவில் ஆள் போக மிஞ்சுவது இரண்டடி சொச்சம்தான். இன்றைக்கு அப்பா கைத்தடியோடு நடக்கிறார், நாளைக்கு வாக்கரோ சக்கர நாற்காலியோ வந்தால் அது நுழையாது. மூன்று அடிக் கதவாக மாற்றினோம், உள்ளே திறந்தால் கம்மோடை இடிக்கிறது என்று படம் காட்டியது, அதனால் வெளியே திறக்கும்படி வைத்தோம். யாராவது உள்ளே விழுந்து கிடந்தாலும் கதவைத் திறக்க முடியும், அது கூடுதல் நன்மை.

கார் பற்றி ஒரு வரி: ஸ்விப்ட் மாதிரி ஒரு வண்டி 12 அடி 8 இன்ச் நீளம், 5 அடி 8 இன்ச் அகலம். முன் செட்பேக் 5 அடியும் போர்டிகோ 9 அடியுமாக எங்களுக்குக் கிடைத்தது 14 அடி, வண்டி நிற்கும், ஆனால் கேட் உள்பக்கம் திறக்காது. ஸ்லைடிங் கேட் என்று பிளானிலேயே எழுதிவிட்டோம்.

வெயிலுக்கு வருவோம், அதில்தான் எனக்கே தெரியாதது ஒன்று தெரிந்தது. தரைப்படத்தின் ஓரத்தில் ஒரு திசைகாட்டி இருக்கிறது. அதை உங்கள் மனையின் உண்மையான வடக்குக்குத் திருப்பி, ஊரின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்து, 3டி தோற்றத்தை மென்பொருளிலேயே புகைப்படமாக எடுக்கும்போது தேதியும் நேரமும் சொன்னால் சூரியன் அந்த இடத்தில் நின்று நிழல் விழுகிறது. வடக்குப் பக்கம் வெயிலே வராது என்று எல்லோரும் சொல்வார்கள். திருச்சி கிட்டத்தட்ட 10.8 டிகிரியில் இருக்கிறது, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகிறது. ஜூன் மாதம் சாயங்காலம் 4 மணி என்று கொடுத்துப் பார்த்தால் வடமேற்கு மூலை ஜன்னல் வழியாக வெயில் நேராக ஹாலுக்குள் வந்து விழுகிறது. அந்த ஜன்னலுக்கு மேல் மட்டுமல்லாமல் மேற்குப் பக்கமும் ஒரு சன்ஷேட் இறக்கச் சொன்னோம். காற்றைப் பற்றி இதற்கு ஒன்றும் தெரியாது. ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்று எந்த ஜன்னலில் நுழைந்து எதில் போகும் என்பதை நாமேதான் யோசிக்க வேண்டும்.

வாஸ்து பார்க்கிறவர்களுக்கு இதனால் பெரிய உதவி இல்லை, கெடுதலும் இல்லை. ஈசானியம், அக்னி, கன்னி மூலை என்று தரைப்படத்தில் எழுத்தாகவே போட்டு வைத்துக்கொண்டேன். அம்மா பூஜையறையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, மற்றதில் ஒத்துவந்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நல்ல தரத்தில் புகைப்படம் கேட்டால் என் பழைய லேப்டாப் மின்விசிறி அலறிக்கொண்டே நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. குறைந்த தரமே போதும், நமக்குப் பார்க்க வேண்டியது நிழல்தான், பளபளப்பு அல்ல. பீம், கம்பிக் கணக்கு, அஸ்திவாரம், இவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. மேல்மாடிப் பாத்ரூம் கீழ்மாடிப் பூஜையறைக்கு மேலே வந்தாலும் எச்சரிக்கை எதுவும் தராது. மாடிகளைத் தனித்தனி நிலையாக வைத்து, கீழ்த்தளம் மங்கலாகப் பின்னால் தெரியும்படி வரைந்து, குழாய் இறங்குகிற இடம் ஒன்றன்மேல் ஒன்று வருகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒயரிங், பிளம்பிங் குறியீடுகள் நம் ஊர் எலெக்ட்ரீஷியனுக்குப் புரிகிற மாதிரி இல்லை. சுவிட்ச் போர்டு இடங்களைப் பிரிண்ட் எடுத்துப் பேனாவால் குறித்தோம்.

முக்கியமாக, இந்தப் படத்தை வைத்து அனுமதி வாங்க முடியாது. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் 2500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3500 சதுர அடி வரை தரைத்தளமோ, அதன்மேல் ஒரு மாடியோ கட்டுவதற்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அங்கே ஏற்றுகிற வரைபடம் விதிப்படி செட்பேக், மழைநீர் சேகரிப்பு எல்லாம் காட்டி வரைந்ததாக இருக்க வேண்டும். அது எஞ்சினியரின் வேலை, அதற்கான கூலியை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

இதே வேலைக்குக் காசு வாங்கிக்கொண்டு பிளான் போட்டுத் தருகிற ஒரு ஆன்லைன் ஆளிடமும் ஆரம்பத்தில் கேட்டிருந்தோம். பார்க்க அழகான வண்ணப் படம் வந்தது, கட்டிலைப் பொம்மைக் கட்டில் அளவில் போட்டு அறையைப் பெரிதாகக் காட்டியிருந்தார். அளவைக் கேட்டால் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் நாமே வரைந்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம்.

எஞ்சினியரிடம் நான் கொடுத்தது பிடிஎஃப் பிரிண்ட்தான், 1க்கு 50 அளவில், சாமான்களோடு ஒன்று, சாமான் இல்லாமல் ஒன்று. சாமான்களோடு இருந்ததைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார். ஒரு பில்லரை ஒன்பது இன்ச் தள்ளினார், செப்டிக் டேங்கை சம்பிலிருந்து தூரமாக மாற்றினார், பாக்கியை அப்படியே ஆட்டோகேடில் ஏற்றிக்கொண்டார். படிக்கட்டு மேடைக்கு அடியில் டாய்லெட் வேண்டுமா என்று அவரும் கேட்டார், அம்மா முந்திக்கொண்டு வேண்டாம் என்றார்.